கழுவி அனுப்பிய தண்ணீர்

என் ரோசலி,

நேற்று கோயிலில் உன் கல்யாண ஓலையைக் கடைசி முறையாக வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் மாமனாராகப் போகிற சவரிராயன் என்னைப் பார்த்து, "வாங்க தண்ணிக்காரம்மா" என்றார். சுற்றி நின்ற அவருடைய ஊர்க்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். உன் முகம்தான் சிறுத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே, "ஏம்மா, நீ காயித மில்லுல கந்தல் கொட்டாய்க்கு மேஸ்திரி. உன்ன எதுக்கு அவரு தண்ணிக்காரம்மான்னு கூப்புடறாரு? குடம் சுமந்தவன்னு நெனச்சிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் அடுப்பு கூப்பிடும், அல்லது உன் அப்பா நடுவில் புகுந்து பம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இன்று நீ கோயிலுக்குப் பூத்தொடுக்கப் போயிருக்கிறாய். மதியத்து வெயில் சுவரில் சாய்ந்திருக்கிறது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டுகளில் நீ நகரத்தில் கன்னியர் மடத்து விடுதியில் இருந்தாய். விடுமுறைக்கு வரும்போது மில் உனக்கு வேடிக்கை பார்க்கிற இடம். நூல் ஆலைகளில் மிஞ்சிய பஞ்சும் துணிக்கந்தலும் மாட்டுவண்டிகளில் வந்து இறங்கும். நானும் மற்றப் பெண்களும் பித்தான்களை அறுத்து, நிறம் பிரித்து, வெட்டிப் போடுவோம். சுண்ணாம்பும் காரமும் சேர்த்துப் பெரிய கொப்பரையில் அதை அவிப்பார்கள். அலசி, வெளுப்புத் தூள் போட்டு வெளுத்து, திரும்ப அலசி, உருளையில் அரைத்தால் கந்தல் கூழாகிவிடும். அந்தக் கூழைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளித் தூக்கினால் தண்ணீர் வடிந்துபோய் ஈரப்படலம் ஒன்று மட்டும் நிற்கும். அதை அழுத்திக் காயவைத்தால் காகிதம். யாரோ உடுத்துக் கிழித்த வேட்டி கோயில் பதிவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளைத் தாளாகப் போகிறதே என்று எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு.

எல்லாவற்றையும் செய்தது தண்ணீர்தான். கிணற்றிலிருந்து உன் அப்பா ஓட்டிய மில் பம்பு இறைத்துக்கொண்டே இருக்கும். அலசிய தண்ணீர், வெளுத்த தண்ணீர், தொட்டியில் வழிந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகி, கொட்டகைக்குப் பின்னால் வாய்க்காலில் விழும். மாலையில் வேலை விட்டு வரும்போது அந்த வாய்க்கால் பால் மாதிரி வெளுத்துப் போகும். மேலே பஞ்சு இழைகள் மிதக்கும். மேற்கே சூரியன் இறங்கும்போது அது முழுக்க ரோஜா நிறமாகும். பெண்கள் எல்லாரும் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். வானத்தில் போகிற மேகம் ஒன்று தரையில் இறங்கி நடந்து போகிற மாதிரி இருக்கும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று எங்களில் ஒருத்தியும் கூடவே நடந்து போய்ப் பார்த்ததில்லை.

அது உன் புகுந்த வீட்டுக்குப் போனது. உனக்குத்தான் தெரியுமே, தவளக்குப்பம் பக்கம் பிரெஞ்சுக்காரர் மண்ணும் இங்கிலீஷ்காரர் மண்ணும் பாய் முடைந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. மில் இருந்தது நம் பிரெஞ்சுப் பக்கம். வாய்க்கால் கொஞ்ச தூரம் போய், புளியமரத்தடியில் உள்ள எல்லைக் கல்லைத் தாண்டினால் இங்கிலீஷ் பக்கம். அங்கேதான் அவர்களுடைய ஏரியும் வயல்களும். சுங்கக்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள், மூட்டையைப் பிரிப்பார்கள். தண்ணீரை யார் நிறுத்திக் கேட்பது?

ஒரு நாள் காலையில் மில் முதலாளி அலுவலறையில் இருந்தார். அவர் பாரீசில் படித்துவிட்டு வந்த தமிழர். ஐயா என்கிற மாதிரி நாங்கள் எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். கந்தல் கணக்குச் சொல்ல நான் உள்ளே போயிருந்தேன். அப்போது சவரிராயன் வந்தார். இடுப்பில் ஒரு துண்டு, கால் முழுக்கச் சேறு, கக்கத்தில் பாய் மாதிரி ஏதோ ஒரு சுருட்டு. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நேராக வந்து மேசைமேல் அந்தச் சுருட்டைப் பிரித்து விரித்தார். அது காகிதம், ரோசலி. நாங்கள் செய்ததல்ல. எங்கள் தண்ணீரில் போன கூழ் அவருடைய நாற்றங்காலில் படிந்து, வெயிலில் காய்ந்து, வயல் அகலத்துக்கு ஒரே தாளாகிவிட்டிருந்தது. அதை அவர் மண்ணிலிருந்து உரித்து எடுத்து வந்திருந்தார். அடிப்பக்கத்தில் நாற்றெல்லாம் மஞ்சளாகி வேரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இதுலயே எழுதிக் குடுத்துருங்க முசே. எங்க வயலு இனிமே உங்களுதுன்னு" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. முசே அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கணம் அதன் மேல்பக்கம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று அவர் விரல் பார்த்த மாதிரிதான் எனக்குப் பட்டது. பிறகு, "உங்க ஊரு இங்கிலீஷ்காரன் சர்க்கார்ல இருக்குது. அங்க போயி சொல்லுங்க" என்றார். "போனோம் முசே. மில்லு பிரெஞ்சுக்காரன் எல்லையில இருக்குது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு கொடிக்கும் நடுவுல எங்க நாத்து சாவுது." சவரிராயன் தாளை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து எங்கள் கந்தல் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியது. முதலில் கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால். பிரித்து வைத்த கந்தல் எல்லாம் மிதந்தது. வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகத் துணித்துண்டுகள் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தால் அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டார்கள். உருளை நின்றது. முசே சிப்பாய்களை வரவழைத்தார். அவர்கள் கல் வரைக்கும் போனார்கள், அதற்கு மேல் கால் வைக்க உரிமை இல்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். அப்புறம் முசே உன் அப்பாவைக் கூப்பிட்டு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் அடைப்பை உடைக்கச் சொன்னார். மில் ஆட்கள் கையில் கடப்பாரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மண்வெட்டிகளோடு நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். உன் அப்பா பம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் பயந்தால் அப்படித்தான் துடைப்பார்.

"நாங்க பொம்பளைங்க மொதல்ல போயி பாத்துட்டு வர்றோம்" என்று நான் சொன்னேன். தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. கடப்பாரையைப் பார்த்ததில் வந்த பயம், அவ்வளவுதான். முதல் தடவையாக அந்த வாய்க்கால் கூடவே நடந்தோம். போகப் போகக் கரையில் புல் கருகிக் கிடந்தது. தவளைச் சத்தமே இல்லை. ஏரிக்கரையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தன.

அடைப்பின்மேல் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உன் மாமியார் ஆரோக்கியம். யார் என்று கேட்டாள், சொன்னேன். அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். அந்தத் தண்ணீரில் துணி துவைத்துத் துவைத்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. நானும் என் கையை நீட்டினேன். கொப்பரையிலிருந்து வந்த கந்தலைப் பிழிந்து என் கையும் அப்படியேதான் இருந்தது. அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனுக்கும் இதே கதிதானாம்மா" என்று கேட்டுவிட்டு, தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். அவளுடைய சிவலைப் பசு சினையாக இருந்ததாம். அந்தத் தண்ணீரைக் குடித்துக் கன்று கலைந்து, பசுவும் பிழைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மாட்டுக் கொட்டகை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீ அந்த வீட்டுக்குப் போனால் கொட்டகையில் ஒரு முளைக்குச்சி வெறுமையாக இருக்கும். அதில் புதுமாட்டைக் கட்டும்படி நீயாகச் சொல்லாதே. அவளாகக் கட்டட்டும்.

நாங்கள் எழுந்தபோது ஆரோக்கியம்தான் சொன்னாள்: "உங்க மில்ல மூடுங்கன்னு நாங்க கேக்கலம்மா. உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குது. தண்ணிய வேணாங்கல. கழுவிட்டு அனுப்புங்க, அவ்ளோதான்."

திரும்பி வந்து முசேயிடம் அப்படியே சொன்னேன். "தண்ணிய கழுவறதா?" என்று அவர் சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார். எனக்கும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கனவில் கேட்ட பேச்சு மாதிரிதான் இருந்தது. கந்தலைக் கழுவுகிறோம், அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் கழுவ எதை எடுப்பது? ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு முசே சன்னலோரம் போய் நின்றுவிட்டார். படிக்கிற காலத்தில் பிரான்சில் ஓர் ஊருக்கு வெளியே அழுக்குத் தண்ணீரைக் குழிகளில் தேக்கித் தெளியவைத்து விடுவதைப் பார்த்திருக்கிறாராம். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடம். "அத நின்னு பாத்திருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடப்பாரைகள் கொட்டகைக்குள் திரும்பப் போயின.

மில்லுக்குப் பின்னால் முசேயின் முந்திரித் தோப்பு இருந்தது. அதில் பாதியை வெட்டினார்கள். மனசில்லாமல்தான் வெட்டச் சொன்னார், மரம் விழும்போது அந்தப் பக்கமே வரவில்லை. அங்கே மூன்று குளம் தோண்டினோம். மில் ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தோண்டினார்கள். முதல் குளத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கவேண்டும், படிகாரம் கரைத்து ஊற்றினால் கலங்கல் அடியில் இறங்கிவிடும். இரண்டாவதில் ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் கரியும் அடுக்கியிருந்தோம், தண்ணீர் அதற்குள் ஊறி இறங்கவேண்டும். மூன்றாவதில் தெளிந்தது நிற்கும். அங்கிருந்து உன் அப்பா ஒரு குழாய் போட்டு, பம்பை வைத்து, அதே தண்ணீரை மில்லுக்குத் திரும்ப ஏற்றினார். மிஞ்சியதை மதகு வழியே வாய்க்காலில் விடலாம் என்று ஏற்பாடு.

எல்லாம் உடனே சரியாக வந்துவிட்டது என்று எண்ணாதே. பஞ்சு இழை மணலில் படிந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டது. ஒரு கோடை மழையில் குளம் பொங்கி, பழையபடி வெள்ளைத் தண்ணீர் ஊருக்குள் போனது. சவரிராயன் மண்வெட்டியோடு வந்து நின்றார். இந்த முறை முசேயே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சவரிராயன் உட்கார்ந்ததும் மண்வெட்டியைக் காலடியில் வைத்துவிட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன். உன் வாசலுக்கு யார் குறை சொல்ல வந்தாலும் முதலில் உட்காரச் சொல், ரோசலி. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

அதற்குப் பிறகு முதல் குளத்துக்கு முன்னால் மரத்தொட்டி வைத்து, நெருக்கமான துணி கட்டி, இழையை அங்கேயே பிடித்தோம். பிடித்த கூழ் திரும்பக் காகிதமானது. கொப்பரையில் அவித்த கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதே இல்லை என்று ஆயிற்று. அடுத்த கந்தலை அதிலேயே அவித்து, காரம் செத்த பிறகு தனிக்குழியில் வற்றவிட்டார்கள். ஆனால் திரும்பி வந்த தண்ணீரில் செய்த காகிதம் வெள்ளையாக வரவில்லை. மழை வருவதற்கு முன் கடல் இருக்குமே, அப்படி ஒரு சாம்பல் நிறம். பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கட்டுக் கட்டாகத் தாள் கொட்டகையில் கிடந்தது. முசேக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் உன் அப்பாவைக் கூப்பிட்டு, "குழாய கழட்டிடு. பழைய மாதிரியே கெணத்துத் தண்ணிய எடுத்துக்கலாம், அவ்ளோ தண்ணி கொளத்துல தெளியாது, கலங்கலாவே மதகத் தெறந்து வுட்டுடு" என்றார்.

உன் அப்பா எதிர்த்துப் பேசத் தெரியாதவர். அன்றைக்குக் கையில் இருந்த துணியை மடித்து பம்பின்மேல் வைத்துவிட்டு, "என்னால ஆவாது முசே. நீங்களே தெறந்துக்குங்க" என்றார். முசே கோபத்தோடு மதகுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் பலகைமேல் கை வைத்துவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். தெளிந்த தண்ணீர் வயலில் நின்றதால் வானமும் அதில் நின்றது. அவர்கள் மேகத்துக்குள் நாற்றைச் செருகுவது மாதிரி இருந்தது. ஆரோக்கியம் நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்து எங்களைப் பார்த்தாள். என்ன செய்ய வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கையை உயர்த்தி ஆட்டினாள். முசேயின் கையும் அவருக்குத் தெரியாமலே உயர்ந்தது. பலகையைத் திறக்கப் பிடித்திருந்த கைதான் அது. அப்படியே ஈரக் கரையில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளைக் கால்சட்டையோடு. பிறகு, "சாம்பல் காயிதத்துக்கு யாராவது இருப்பாங்க இல்ல?" என்று கேட்டார். இருந்தார்கள். சைகோனுக்குக் கப்பல் ஏறும் துணிக்கட்டுகளைச் சுற்ற நூல் ஆலைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைத் தாளுக்கு மட்டும் கடைசி அலசலில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் அப்படித்தான்.

பிறகு மழை பொய்த்த ஆண்டு வந்தது. கிணறுகள் அடியைக் காட்டின. ஏரியில் ஆடு மேய்ந்தது. சுற்றிவந்த தண்ணீரையே சுற்றவிட்டதால் எங்கள் மில் மட்டும் ஓடியது. அந்த ஊருக்கு இருந்த ஒரே தண்ணீர் எங்கள் மூன்றாவது குளத்தில் மிஞ்சியதுதான். ஆரோக்கியம் ஒரு குடத்தில் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "இதுங்கள அந்தக் கொளத்துல வுடுங்க. இதுங்க துள்ளுனா எங்களுக்குத் தெறந்து வுடுங்க. மெதந்துதுன்னா வுடாதீங்க" என்றாள். மதகு என் பொறுப்பாயிற்று. வேலை விட்டதும் கரையில் உட்கார்ந்து மீனுக்காகக் காத்திருப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் ஒரு வட்டம் விரியும், அப்புறம் இன்னொன்று, வெள்ளி நறுக்கு மாதிரி ஏதோ புரண்டு மறையும். எழுந்து மதகுப் பலகையைத் தூக்கித் திறப்பேன். சில நாள் மீன் சோர்ந்து கரையோரம் ஒதுங்கும். அன்றைக்குத் தூக்கமாட்டேன். அந்தப் பக்கம் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும், சவரிராயன் கல்லருகே நின்று பார்ப்பார், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அவர் திரும்பிப் போவார். அப்படித் திரும்பிப் போனவருக்கு என்மேல் கோபம் வந்திருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த நாட்களில்தான் ஊரில் அவர் என்னைத் தண்ணிக்காரம்மா என்று சொல்ல ஆரம்பித்தாராம். திறந்துவிட்டதற்காக மட்டுமல்ல, திறக்காத நாட்களுக்காகவும் என்று ஆரோக்கியம் பிற்பாடு சொன்னாள். அந்த ஆண்டு அவர்கள் பாதி வயல்தான் அறுத்தார்கள். உன்னைக் கட்டப்போகிற அருளப்பன் அந்த நாற்றுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினவன். அவன் தோளில் குடம் அழுத்திய தழும்பு இன்னும் இருக்கிறது.

உன்னைக் கேட்டு அவர்கள் வந்தபோது நான் உடனே சரி என்று சொல்லவில்லை. நீ மடத்தில் பிரெஞ்சு படித்தவள், சைகோனிலோ நகரத்து உத்தியோகத்திலோ இருக்கிற மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டிருப்பாயோ என்று உன்னையே கேட்டேன். நீ, "அவரு எங்கூட பேசும்போது தரையப் பாக்கலம்மா, என்னப் பாத்தாரு" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கே போய்ப் படித்த பெருமையை எடுத்துக் காட்டாதே, மறைக்கவும் செய்யாதே. ஆரோக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கோயில் புத்தகத்தை யாராவது படித்துக்காட்டினால் கேட்கப் பிடிக்கும். மெதுவாகப் படி. சவரிராயன் அதிகம் பேசமாட்டார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் நீ படுக்கப்போகிற அறையைப் பார்த்து வரலாம் என்று தனியாகப் போயிருந்தேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. சன்னல் வாய்க்காலைப் பார்த்து இருக்கிறது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஆரோக்கியம் என் பக்கத்தில் வந்து நின்று, "அனுப்பறப்ப அழாதீங்க சம்மந்தி. அங்கேர்ந்து நீங்க தெறந்து வுடறது பொழுது சாயறதுக்குள்ள இவ கால்ல வந்து படும்" என்றாள். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நினைக்க நினைக்க இன்னொன்றும் தோன்றியது, அதைச் சொல்லி முடிக்கிறேன். எனக்கு வயதாகிறது, கண் மங்குகிறது. மீன் புரண்டதா, காற்று அசைத்ததா என்று சில நாள் சந்தேகமாக இருக்கிறது. முசேயும் தளர்ந்துவிட்டார், நாளைக்கு மில் யார் கைக்குப் போகுமோ தெரியாது. ஒருநாள் உன் சன்னலுக்குக் கீழே தண்ணீர் வெளுத்து வரலாம். அன்றைக்குப் பிறந்த வீட்டை எப்படிக் குறை சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. நீ அந்த ஊர்க்காரி. கரையோடு நடந்து வந்து, எல்லார் முன்னாலும் என் முகத்துக்கு நேராகச் சொல். நான் அந்த நிமிஷமே பலகையை இறக்கிவிடுகிறேன்.

உன் அம்மா